கேமராவுக்கும் ஒரு சீட்டு



பள்ளி விடுமுறை விட்டால் தோட்டத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துப் புறப்படுவது வழக்கம். கோயில், கடற்கரை என்று போனவர்கள் இப்போது தாமான் நெகாராவுக்கும் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் அங்கே போய், "மரத்தைப் படம் பிடிக்கவும் காசா?" என்று முகப்பில் வாதாடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்காகவே இந்தப் பேச்சு.

தாமான் நெகாரா பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் 4,343 சதுர கிலோமீட்டர் காடு. 1938, 1939ஆம் ஆண்டுகளில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சட்டம் செய்து இதை ஒதுக்கி வைத்தது. அங்கே நாம் விருந்தாளிகள்.

பகாங் பக்கம் கோலா தகானில் ஆற்றைக் கடந்தால் பூங்கா. ஆளுக்கு ஒரு வெள்ளி, கேமராவுக்கு ஐந்து வெள்ளி என்று பல ஆண்டுகளாக வாங்கி வந்தார்கள். இன்றைய கட்டணம் என்ன, கைப்பேசிக்கும் சீட்டு உண்டா என்பதை முகப்பிலேயே கேட்டுவிடுங்கள். வாங்கிய சீட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வையுங்கள். விளம்பரப் படம், பாட்டுப் படம் எடுக்கவோ டிரோன் பறக்கவிடவோ இந்தச் சீட்டு போதாது. வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறைக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெறவேண்டும்.

பூங்காவுக்குள் பாத்தேக் என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். ஐந்து வெள்ளிச் சீட்டு அவர்களுடைய முகத்துக்கு வாங்கிய சீட்டு அல்ல. நம் லயத்து வாசலில் யாரோ காரை நிறுத்தி, பல் துலக்கிக்கொண்டு நிற்கும் நம்மைப் படம் பிடித்தால் நாம் சும்மா இருப்போமா? கேட்டுவிட்டு எடுங்கள். தலையை ஆட்டி மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இனி, இரவுச் சங்கதி. காட்டில் சில இடங்களில் மண்ணிலே உப்புச் சத்து உண்டு. மலாயில் ஜெனுட் என்பார்கள். அதை நாடி மிருகங்கள் வரும். அருகில் பும்புன் என்னும் மறைவுக் குடிசை கட்டியிருக்கிறார்கள். அதில் பேசாமல், புகைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு முறை நாங்கள் எட்டுப் பேர் அப்படி உட்கார்ந்திருந்தோம். நள்ளிரவு தாண்டியபின் தாப்பிர் ஒன்று வந்தது. முன்பாதி கறுப்பு, நடு உடம்பு வெள்ளை, நீண்ட மூக்கு. அதன் பின்னால், உடம்பெல்லாம் வரியும் புள்ளியுமாக ஒரு குட்டி! எங்களோடு வந்த பையன் ஆசையை அடக்க முடியாமல் பிளாஷ் அடித்துவிட்டான்.

விடியுமுன் நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போகிறவர்களுக்கு, இருட்டில் லாரி விளக்கு கண்ணில் அடித்தால் எப்படி இருக்கும் என்று தெரியும். தாப்பிரோ இரவில் நடமாடும் பிராணி. ஒரு நொடி திகைத்து நின்றது. பிறகு தாய் ஒரு பக்கமும் குட்டி ஒரு பக்கமுமாகப் புதருக்குள் பாய்ந்தன. குட்டி கீச்சென்று கத்தும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

பையனின் படத்தில் விழுந்திருந்தது ஈரப் புல்லும், குடிசைச் சன்னலின் மரச்சட்டமும்தான். அவன் அதன்பிறகு தூங்கவில்லை. விடியும் வரை சன்னலோரமே உட்கார்ந்திருந்தான். ஜெனுட்டுக்கு எதுவும் திரும்பி வரவில்லை.