வீட்டுமனையும் கட்டட அனுமதியும்
(வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவிலே கட்டட அனுமதியைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நம் பிள்ளைகள் பட்டம் பெற்றனர். சிலர் அரசுப் பணியிலும் அமர்ந்தனர். சம்பளம் வந்ததும் அவர்கள் நினைப்பது ஓட்டுக்கூரையைப் பிரித்துக் காங்கிரீட் வீடு கட்டுவதைத்தான். கடன் கேட்டு வங்கிக்குச் செல்கின்றனர். மேலாளர் தாள்களைக் கேட்கிறார். அங்கேதான் படித்த பிள்ளையும் திகைத்து நிற்கிறான்.

மனை நமக்குரியது என்பதற்குப் பட்டாவோ பத்திரமோ வேண்டும். அது புதிய மனைப்பிரிவில் அமைந்ததாயின், அப்பிரிவுக்கு அங்கீகாரம் வேண்டும். பிறகு வீட்டின் வரைபடத்திற்கு அனுமதி வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. நாமோ வீட்டுவரி ரசீதையும் மின்கட்டண அட்டையையும் தகரப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். வரி ரசீது வரி கட்டியதற்குச் சான்று, உரிமைக்குச் சான்றன்று.

பிறருக்குப் பாடம் சொல்லும் நாமே இதில் ஏமாந்தவர்கள்தாம். பல ஆண்டுகளுக்கு முன் தரகர் ஒருவர் காட்டிய மனையில் ஐந்து சென்ட் வாங்கினோம். சங்கிலி பிடித்து அளந்தோம், கல்லை எண்ணினோம், கணக்கு வாத்தியார் அல்லவா! அங்கீகாரம் உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தபோதுதான் நம் கையிலிருந்த பத்திரத்தின் குறை நமக்கு விளங்கிற்று. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்குள் பதிவான மனைகளுக்கு அவை வழி விட்டன. கட்டணம் செலுத்தி, அலைந்து திரிந்து அந்தத் தாளைப் பெற்றோம். வாங்கும் நாளிலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இத்தனை நடையும் மிச்சம்.

அரசு தரும் இலவச மனையின் கதை வேறு. ஆதிதிராவிடர் நலத்திற்கென நிலம் கையகப்படுத்தத் தனிச் சட்டமே 1978இல் இயற்றப்பட்டது. அவ்வழியில் பட்டா பெற்றோர் நம்மிடையே பலர். ஆனால் பட்டா கையில் இருக்கும். நிலத்தில் கல் நட்டிருக்காது. கிராமக் கணக்கிலும் பெயர் ஏறியிருக்காது. பாட்டியின் பெயரிலுள்ள பட்டாவைப் பேரன் கொண்டுபோனால் வாரிசுச் சான்று கேட்பார்கள். 'காலனி' என்னும் சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தனர். வரவேற்கிறோம். அந்தப் பதிவேட்டில் நம் பெயரும் ஏற வேண்டும் அல்லவா?

இனி, நம் ஊருக்கே உரிய செய்தி. அணுமின் நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை கட்டுப்பாட்டு மண்டலம் ஒன்று உண்டு. 1991ஆம் ஆண்டிலேயே அதற்கு அரசாணை பிறந்தது. 'ஸ்டெரிலைஸ்டு' மண்டலம் என்ற அதன் பெயரைக் கேட்டே நம்மவர் பலர் அஞ்சினர். இனிமேல் இங்கே குடிசைகூடப் போட முடியாது, வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி மலிவாக நிலம் கேட்டு வந்தவர்களும் இருந்தனர். உண்மை அதுவன்று. நிலையத்தை ஒட்டிய உள்வட்டமான விலக்கு மண்டலத்தில்தான் குடியிருப்பே கூடாது. அதற்கப்பால் ஐந்து கிலோமீட்டர் வரை ஊரின் இயல்பான வளர்ச்சிக்குத் தடையில்லை. வெளியிலிருந்து மக்களைப் பெருகச் செய்யும் புதுக் குடியேற்றங்களையும் தொழிற்சாலைகளையும் தடுப்பதே அதன் நோக்கம். பிறந்த வீட்டருகே மகனுக்கு ஒரு வீடு கட்டுவது இயல்பான வளர்ச்சி ஆகாமல் வேறென்ன ஆகும்? ஆயினும் வாய்ச்சொல்லை நம்பி அடித்தளம் தோண்ட வேண்டா. சர்வே எண்ணைக் குறிப்பிட்டு ஊராட்சிக்கு மனு எழுதுங்கள். 'முடியாது' என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. கடலை ஒட்டிய மனையாயின், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

முன்பு ஊராட்சிக்கெனத் தனியே 1997ஆம் ஆண்டு விதிகள் இருந்தன. 2019 முதல் ஊருக்கும் நகருக்கும் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்துவிட்டன. 2024 ஜூலையில் சுயசான்று முறையும் வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, அதில் 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ மட்டும் எனில், இணையவழி விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைக்கும். 2,500 சதுர அடி என்பது ஏறத்தாழ ஐந்தே முக்கால் சென்ட். நம் தெருவில் அதற்கு மேல் மனை உள்ளவர் எத்தனை பேர்? ஆகவே இம்முறை நம் போன்றோர்க்கே பெரிதும் பயன்படும். ஒன்றை மறவாதீர்கள்: சுயசான்று என்பது நாமே கையொப்பமிட்டுத் தரும் உறுதிமொழி. சொன்னது பொய்யானால் பொறுப்பும் நம்முடையதே. மண்டலக் கட்டுப்பாடு உள்ள மனைக்கு முதலில் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கணினி தெரிந்த இளைஞர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வரும் ஞாயிறு முதல் சங்கத்தின் படிப்பகம் காலை பத்து மணிக்குத் திறந்திருக்கும். தெருவுக்கு இருவர் வாருங்கள். வீட்டிலுள்ள தகரப் பெட்டியையும் எடுத்து வாருங்கள். எந்த வீட்டில் எந்தத் தாள் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குவோம்.