மிச்சப் பொழுதில் எழுதியவர்கள்

உங்கள் குணத்துக்கு ஒத்துப்போகும் ருஷ்ய இசையமைப்பாளர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்லும் விளையாட்டு ஒன்று உண்டு. தனிமை பிடிக்குமா, கூட்டம் பிடிக்குமா, கண்ணீர் சீக்கிரம் வருமா என்று வரிசையாகக் கேட்பார்கள். கடைசியில், உருகுகிறவர் சைக்கோவ்ஸ்கி, முகம் இறுகியவர் ரக்மனினோவ், கற்பனையில் மிதப்பவர் ரிம்ஸ்கி-கோர்சகோவ், கட்டுக்கு அடங்காதவர் முசோர்ஸ்கி என்று விடை வரும். பொழுதுபோக்குக்கு நல்லதுதான். ஆனால் இந்த விளையாட்டில் அளவுகோல் தப்பு. இசையில் இருக்கும் சுவையை எடுத்து, அதை எழுதியவரின் குணம் என்று ஒட்டிவிடுகிறார்கள். ஒருவரை நம்மோடு ஒப்பிட வேண்டுமென்றால் அவருடைய நாளைப் பார்க்க வேண்டும். பிழைப்புக்குச் செய்த வேலை எது, மனசுக்குப் பிடித்த வேலை எது, இரண்டுக்கும் நடுவில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று பார்க்க வேண்டும். இதற்கு ருஷ்யர்களைப் போலப் பொருத்தமானவர்கள் இல்லை.

முதலில், சுவையை நம்பினால் எப்படி ஏமாறுவோம் என்று பார்ப்போம். சைக்கோவ்ஸ்கி 1877 ஜூலையில் திருமணம் செய்துகொண்டார். சில வாரங்களிலேயே அது முறிந்து, அவர் மனம் நொறுங்கி நாட்டைவிட்டே வெளியேறினார். அடுத்த ஆண்டு வசந்தத்தில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில் கிளாரன்ஸ் என்ற ஊரில் தங்கி, ஒரு மாதத்துக்குள் ஒரு படைப்பை எழுதி முடித்தார். அதுதான் அவருடைய வயலின் கான்செர்ட்டோ. வெயிலும் துள்ளலும் நிறைந்த இசை அது. அதை மட்டும் கேட்டவர், வாழ்க்கை உடைந்த ஒருவர் அப்போதுதான் எழுதியது என்று சொல்லமாட்டார். ரிம்ஸ்கி-கோர்சகோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1888இல் எழுதிய ‘ஷெஹரசாத்’தில் கடலும் அரேபிய இரவுகளும் பொங்குகின்றன. எழுதியவரோ ஒழுங்குக்குப் பேர்போன முன்னாள் கடற்படை அதிகாரி, திருத்தித் திருத்தி எழுதும் பேராசிரியர். இசை அவரவர் உள்ளத்தின் வெளிப்பாடுதானே, அதைக்கொண்டு மனிதரைக் கணிப்பதில் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். வெளிப்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் உள்ளத்தில் இருப்பது வெளியே வருவதைப் போலவே, உள்ளத்தில் இல்லாமல் ஏங்கியதும் இசையில் வருகிறது. அது இருப்பா, ஏக்கமா என்று இசையை மட்டும் கேட்டுச் சொல்ல வழியில்லை.

சரி, ஏன் ருஷ்யர்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ருஷ்யாவில் இசையமைப்பாளர் என்ற தொழிலே சட்டப்படி கிடையாது. அதிகாரி, வணிகர், விவசாயி என்று எல்லாருக்கும் ஒரு தகுதி இருந்தது. இசைக்காரருக்கு அது இல்லை. பியானோ மேதை அன்டோன் ரூபின்ஸ்டைன் 1861இல் ஒரு கட்டுரை எழுதி இதைக் கடுமையாகக் கண்டித்தார். மறுவருடம் பீட்டர்ஸ்பர்க்கில் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே படித்துத் தேறியவருக்குச் ‘சுதந்திரக் கலைஞர்’ என்ற பட்டமும் அதற்குரிய உரிமைகளும் கிடைத்தன. அதற்கு முன் வளர்ந்தவர்கள் வேறு எதையாவது செய்துதான் சோறு தின்றார்கள். பாலகிரெவ் என்பவரைச் சுற்றிக் கூடிய ஐவர் குழுவையே பாருங்கள். ரிம்ஸ்கி-கோர்சகோவ் கடற்படை. செசார் குயி ராணுவப் பொறியாளர், கோட்டை அரண் கட்டும் கலையில் வல்லவர். முசோர்ஸ்கி ராணுவத்தை விட்டுவந்து அரசு அலுவலக எழுத்தர். குழுவின் தலைவரான பாலகிரெவே 1870களில் ரயில்வே சரக்கு நிலையத்தில் குமாஸ்தா வேலை பார்த்தார். ஐந்தாமவர் போரோதின், வேதியியல் பேராசிரியர். மேற்கே வாக்னரும் பிராம்ஸும் இசையையே தொழிலாகக் கொண்டிருந்தார்கள். இவர்கள் சம்பள நாளுக்குக் காத்திருந்தவர்கள். காலையில் வேலைக்குப் போய் மாலையில் களைத்து வீடு திரும்பும் நமக்கு இவர்களைவிட நெருக்கமானவர்கள் உண்டா?

இதில் போரோதினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அலெக்சாண்டர் போரோதின் 1833இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். ஜார்ஜிய வம்சத்து இளவரசர் ஒருவருக்கு முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. பதிவேட்டில் வீட்டுப் பண்ணையாள் ஒருவரின் மகன் என்று எழுதிவைத்தார்கள். மருத்துவம் படித்து, ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வேதியியல் ஆராய்ந்து, 1864இல் பீட்டர்ஸ்பர்க் மருத்துவ அகாடமியில் பேராசிரியரானார். இன்று கல்லூரி மாணவர்கள் படிக்கும் ஆல்டால் வினையை 1872இல் கண்டறிந்த இருவரில் ஒருவர். மற்றவர் பிரான்சின் வூர்ட்ஸ். அதே 1872இல் பெண்களுக்கான மருத்துவப் படிப்பு பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் தொடங்கியபோது அதற்குத் துணைநின்று, அங்கே பாடமும் நடத்தினார். பெண் டாக்டர் என்றால் உலகமே புருவம் உயர்த்திய காலம் அது.

அவர் வீட்டில் நடந்த கூத்தை ரிம்ஸ்கி-கோர்சகோவ் தம் நினைவுக் குறிப்புகளில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். வீடும் ஆய்வுக்கூடமும் அகாடமி கட்டடத்திலேயே பக்கத்தில் பக்கத்தில். நண்பர் வந்தால் ஆய்வுக்கூடத்தில் குடுவை முன் அமர்ந்திருப்பார். வேலை முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துப்போய் பியானோவில் புதிதாக எழுதியதை வாசித்துக்காட்டுவார். பாதியில் எழுந்து, அங்கே ஏதாவது கொதித்து வழிந்துவிட்டதா, தீய்ந்துவிட்டதா என்று பார்க்க ஓடுவார். ஓடும்போதும் வாயில் பாட்டு நிற்காது. வீடு நிறைய உறவினர்கள். படுக்கையெல்லாம் அவர்கள் வசம். பக்கத்து அறையில் யாராவது தூங்குகிறார்கள் என்று பல நாள் பியானோவைத் தொடவே முடியாது. சாப்பாட்டு மேசையில் பூனைகள் தாராளமாக உலாவும். ஒருமுறை, அவருடைய ‘இளவரசர் ஈகர்’ ஓப்பராவின் போலோவெட்சிய நடனங்கள் கச்சேரிக்குத் தயாராக வேண்டிய நேரம். ஆர்கெஸ்ட்ராவுக்குப் பிரித்து எழுதும் வேலை முடியவில்லை. ரிம்ஸ்கி-கோர்சகோவும் அவருடைய சீடர் லியாதோவும் உதவிக்குப் போய் இரவெல்லாம் உட்கார்ந்து பென்சிலால் எழுதினார்கள். பென்சில் எழுத்து அழியாமலிருக்க வேதியியலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். தாளையெல்லாம் ஜெலட்டின் கரைசலில் நனைத்து, துணி உலர்த்துவது போல ஆய்வுக்கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

குளிர்காலத்தில் வகுப்பு எடுக்க முடியாத அளவுக்கு உடம்பு சரியில்லாவிட்டால்தான் இசை எழுத நேரம் கிடைக்கிறது, அதனால் நண்பர்கள் நலமாக இரு என்று வாழ்த்துவதற்குப் பதில் நோயாளியாக இரு என்று வாழ்த்துகிறார்கள் என்று அவரே ஒரு கடிதத்தில் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். ‘ஈகர்’ 1869இல் தொடங்கியது. 1887 பிப்ரவரியில், அகாடமி நண்பர்களுக்காக நடந்த மாறுவேட விருந்தில் பேசிக்கொண்டிருந்தவர் சாய்ந்து விழுந்து இறந்தார். பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் ஓப்பரா முடிந்திருக்கவில்லை. ரிம்ஸ்கி-கோர்சகோவும் இளைஞர் கிளாசுனோவும் சேர்ந்து அதை முடித்தார்கள். முன்னிசையைப் போரோதின் எழுதிவைக்கவே இல்லை. அவர் பியானோவில் வாசிக்கக் கேட்ட நினைவிலிருந்து கிளாசுனோவ் அதை உருவாக்கினார். 1890இல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. இத்தனை பரபரப்பான மனிதரின் இசை எப்படி இருக்கிறது? ருஷ்ய இசையிலேயே இதைவிட நிதானமானது, அவசரமே அறியாதது இல்லை என்பேன். குண விளையாட்டில் அமைதியானவருக்குப் போரோதின் என்று போடுகிறார்கள். அந்த வீட்டில் ஒருநாள் இருந்து பார்க்கட்டும்!

ரிம்ஸ்கி-கோர்சகோவ் வேறு ரகம். 1871இல், 27 வயதில், கன்சர்வேட்டரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. இசை இலக்கணத்தில் தமக்கு அடிப்படையே தெரியாது என்பது அவருக்குத் தெரியும். பின்னாளில் அதை ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். வேலையை ஏற்றுக்கொண்டு, மாணவர்களுக்கு ஒரு படி முன்னால் தாமும் படித்தார். ஆண்டுக்கணக்கில் பயிற்சிப் பாடங்களை எழுதிக் குவித்தார். அவரிடம் படித்தவர்களில் கிளாசுனோவும் ஸ்ட்ராவின்ஸ்கியும் உண்டு. செத்துப்போன நண்பர்கள் பாதியில் விட்ட ஓப்பராக்களை முடித்துக் கொடுத்ததும் இவர்தான். ‘ஈகர்’ மட்டுமல்ல, முசோர்ஸ்கியின் ‘ஹொவான்ஷ்சினா’வும் இவர் கைபட்டே மேடை ஏறியது. முசோர்ஸ்கியின் கரடுமுரடை எல்லாம் இழைத்து வழவழப்பாக்கிவிட்டார் என்று பிற்காலத்தார் குறைகூறியது நியாயம்தான். ஆனாலும் பிறர் வேலையைத் தம் வேலையாக எடுத்துச் செய்பவர் எந்த அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார், அவரிடம்தான் எல்லாரும் போவார்கள். 1905இல் போராடிய மாணவர்கள் பக்கம் நின்றதற்காக இவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதைக் கண்டித்துக் கிளாசுனோவும் லியாதோவும் பதவி விலகினார்கள்.

இங்கே கெட்டிக்கார நேயர் ஒருவர் குறுக்கிடுவார். நீங்கள் சொல்வது குணமே இல்லை, சூழ்நிலை. பணம் இருந்தால் எழுதுவார்கள், வேலை நெருக்கினால் எழுதமாட்டார்கள், இதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்பார். பலமான வாதம். சைக்கோவ்ஸ்கியே இதற்குச் சாட்சி. சட்டம் படித்து நீதித் துறையில் எழுத்தராக இருந்து, பிறகு மாஸ்கோ கன்சர்வேட்டரியில் பாடம் நடத்தியவர் அவர். நதேழ்தா வான் மெக் என்ற பணக்கார விதவை ஆண்டுக்கு 6000 ரூபிள் கொடுத்த பிறகுதான் முழுநேரமும் எழுதும் சுதந்திரம் பெற்றார். ஏறத்தாழ 14 ஆண்டுகள் கடிதத்திலேயே நட்பு வளர்த்தார்கள், நேரில் பேசிக்கொண்டதே இல்லை. இன்னும் வலுவான சாட்சி ரக்மனினோவ். 1917இல் ருஷ்யாவை விட்டுப் போவதற்குள், படைப்புகளுக்கு இடும் வரிசை எண்ணில் 39 வரை எழுதியிருந்தார். அதன்பின் உயிரோடிருந்த 25 ஆண்டுகளில் 40 முதல் 45 வரை ஆறே ஆறு. குடும்பத்தைக் காப்பாற்ற அமெரிக்காவில் பியானோ கச்சேரி, கச்சேரி என்று ஓடினார். மனிதர் மாறவில்லை, இடம் மாறியது.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூழ்நிலை ஒன்றாக இருந்தபோது என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். போரோதினும் முசோர்ஸ்கியும் ஒரே ஊர், ஒரே காலம், ஒரே நண்பர் குழு. இருவருக்கும் அரசுச் சம்பளம். 1873இல் ஓவியர் நண்பர் விக்டர் ஹார்ட்மன் இறந்தார். மறுவருடம் அவருடைய ஓவியங்களுக்கு நடந்த கண்காட்சியைப் பார்த்த முசோர்ஸ்கி, ஜூன் மாதத்தில் மூன்றே வாரத்தில் ‘கண்காட்சியில் சித்திரங்கள்’ முழுவதையும் எழுதி முடித்தார். போரோதினுக்கு அப்படி ஒரு வேகம் அரிதாகவே வாய்த்தது. அதே முசோர்ஸ்கி குடியில் மூழ்கினார். நண்பர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒரு குழு ஒரு ஓப்பராவை முடிக்கச் சொல்லியும் மறு குழு இன்னொன்றை முடிக்கச் சொல்லியும் மாதாமாதம் பணம் கொடுத்தார்கள். இரண்டும் முடியவில்லை. 1881இல் 42 வயதில் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். பணம் வந்தும் முடிக்காதவர் ஒருவர், பணம் வந்ததும் ஒழுங்காக உட்கார்ந்தவர் சைக்கோவ்ஸ்கி. தூண்டுதல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சோம்பேறிகளின் வீட்டுக்கு அந்த விருந்தாளி வருவதில்லை என்ற பொருளில் அவர் வான் மெக்குக்கு எழுதினார். மனநிலை கொந்தளிக்கும் மனிதர் என்று பெயரெடுத்தவர், அலுவலகம் போவது போல நேரம் தவறாமல் எழுதி, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் நடந்தார். சூழ்நிலை எத்தனை நேரம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. கிடைத்ததை என்ன செய்கிறோம் என்பதில்தான் குணம் இருக்கிறது. நான் ஒப்பிடச் சொல்வது இதைத்தான்.

சோவியத் காலத்துப் புரோகோஃபியேவையும் ஷோஸ்டகோவிச்சையும் தொடவே இல்லை, கடிகாரம் முந்திக்கொண்டது. அவர்களுக்கு அரசே முதலாளி. அது தனியாகப் பேச வேண்டிய கதை. இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது இந்த விளையாட்டை நீட்டினால், தனிமை பிடிக்குமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். பாதியில் நிற்கும் உங்கள் வேலை ஒன்றை நினைத்துக்கொண்டு, போரோதினின் இரண்டாம் ஸ்டிரிங் குவார்டெட்டில் மூன்றாம் பகுதியைக் கேளுங்கள். எட்டு ஒன்பது நிமிடம்தான். 1881 கோடையில், விடுமுறை கிடைத்ததால் எழுதி முடித்து, மனைவி எகதெரீனாவுக்குச் சமர்ப்பித்தது.