தேரை மேல் விழுந்த பழி

தவளைக்கும் தேரைக்கும் என்ன வேறுபாடு என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "தண்ணியில இருக்கறது தவளை, வீட்டுக்குள்ள வர்றது தேரை" என்பார்கள். உடனே தவறு என்று சொல்லிவிட வேண்டாம். பாடத்தை அங்கேயே தொடங்கலாம்.

வீட்டுக்குள் வருபவை இரண்டு. குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒல்லியான பழுப்பு நிறப் பிராணி மரத்தவளை. அதன் விரல் நுனிகள் தட்டையாக வட்டமாக இருக்கும். நம் பக்கத்தில் இதையும் தேரை என்றே சொல்கிறோம். மழை இரவில் தெருவிளக்கின் அடியில் பூச்சிக்குக் காத்திருக்கிறதே குண்டாக ஒன்று, அதுதான் பாடநூல் சொல்லும் தேரை. தோல் உலர்ந்து சொரசொரப்பாக இருக்கும். பின்னங்கால் குட்டை என்பதால் தவளையைப் போல எட்டித் தாவாது, தத்திப் போகும். கண்ணுக்குப் பின்னால் புடைத்திருப்பது நச்சுச் சுரப்பி. கவ்விய நாய் நுரை தள்ளிக்கொண்டு விட்டுவிடுவது அதனால்தான். தொட்டால் மரு வரும் என்பது பொய். கையைக் கழுவினால் போதும். வகைப்பாட்டில் தேரையும் தவளை வரிசையில் ஒரு குடும்பமே என்பதை மேல்வகுப்புக்குச் சொல்லலாம்.

நம் ஊரில் தீபத்துக்கு முந்தைய மழை நாட்கள் இதற்குத் தோதானவை. தேங்கிய குட்டையில் தேரையின் முட்டை கருகமணிச் சரம் போல நீண்டு கிடக்கும். தவளை முட்டை கொத்தாகவோ படலமாகவோ இருக்கும். மரத்தவளை, நீருக்கு மேலே கிளையில் நுரைக்கூடு கட்டும். கரையில் நின்று பார்த்தாலே போதும், பிடித்து வர வேண்டியதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பருப்பு இல்லாத தேங்காயை 'தேரை மோந்த காய்' என்கிறோம். தேரைக்குத் தென்னை ஏறவே வராது! மகரந்தச் சேர்க்கைக் குறைவும் சத்துப் பற்றாக்குறையும்தான் காரணம். தேங்காயோடு போனால் பரவாயில்லை. எலும்பும் தோலுமான குழந்தையையும் 'தேரை விழுந்த பிள்ளை' என்கிறார்கள். மந்திரிக்க அலைகிறார்கள், நாட்கள் போய்விடுகின்றன. அந்த மெலிவுக்கு மராஸ்மஸ் என்று பெயர், ஆற்றலும் புரதமும் போதாததால் வருகிறது என்று ஊட்டச்சத்துப் பாடத்தில் நாமே நடத்துகிறோம். ஆனால் ஒரு மாணவி "என் தம்பிக்குத் தேரை விழுந்திருக்கு டீச்சர்" என்றால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. பாடம் வேறு, வீடு வேறு என்று வைத்துவிட்டோம்.

அப்படி ஒரு பிள்ளை சொன்னால், தேரை நடக்கும் விதத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அங்கன்வாடியில் தம்பியின் மேற்கையை நாடாவால் அளந்தார்களா என்று முதலில் கேளுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. அன்று மாலையே பெற்றோரை அழைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள்.