இடபமும் களிறும்

இரண்டாம் இராசராச சோழன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் திருக்கோயிலில் அரியதொரு சிற்பம் உண்டு. இடபமும் களிறும் எதிரெதிரே நிற்கின்றன. உடல்கள் இரண்டு, தலையோ ஒன்றே. களிற்றின் உடலைக் கையால் மறைத்தால் அத்தலை இடபத்தினது. இடபத்தின் உடலை மறைத்தால் களிற்றினது. கல்லில் அணுவளவும் மாற்றமில்லை. இதனைக் கண்கட்டு வித்தை என்று தள்ளுதல் பொருந்தாது. விழித்திரை ஒளியை ஏற்று, அதனைக் குறிப்புகளாக மாற்றி நரம்பின் வழியே செலுத்துகிறது. இன்ன பொருள் என்று துணிவது மூளையே. சூழ இருப்பனவும் முன்பு கண்டறிந்தனவும் அத்துணிவிற்குத் துணையாகின்றன. ஜெர்மானிய இதழொன்றில் 1892-இல் வெளிவந்த முயல்–வாத்துப் படத்தைக் கொண்டு, காட்சியில் உள்ளத்திற்கும் பங்குண்டு என்று ஜோசப் ஜாஸ்ட்ரோ என்னும் உளநூலறிஞர் 1899-இல் விளக்கினார். சோழநாட்டுச் சிற்பியோ ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகட்கு முன்னரே அதனை உளியால் விளையாடிக் காட்டிவிட்டான்! மறைத்த கையை எடுத்த பின்னரும், அத்தலை ஒருகணம் இடபமாகவும் மறுகணம் களிறாகவும் மாறி மாறித் தோன்றிக்கொண்டே இருக்கும்.