ஐபிஎம் போட்ட பூட்டு, காம்பேக் செஞ்ச சாவி

ஸ்கூல் கம்ப்யூட்டர் புத்தகத்துல ஒரு அட்டவணை வரும், ஞாபகம் இருக்கா? முதல் தலைமுறை வெற்றிடக் குழாய், ரெண்டாவது டிரான்சிஸ்டர், மூணாவது ஐ.சி., நாலாவது மைக்ரோபிராசசர். பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம் பண்ணி, மறுநாளே மறந்த சமாச்சாரம்.

அந்த அட்டவணை தப்பில்லை. 1946-ல உலகத்துக்குக் காட்டின எனியாக்ல சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள், எடை 30 டன். 1971-ல வந்த இன்டெல் 4004 சிப், விரல் நகத்தைவிடச் சின்னது. உள்ளே 2,300 டிரான்சிஸ்டர்கள். ஆனா ஒரு கம்பெனியோட மதர்போர்டு, இன்னொரு கம்பெனியோட ரேம், மூணாவது கம்பெனியோட ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஸ்க்ரூடிரைவரோட உட்கார்ந்து மாட்டினா ஒரு கம்ப்யூட்டர் எழுந்திருக்குதே, அது எப்படி? இதுக்கு அந்த அட்டவணையில பதில் கிடையாது.

பதில் 1980-ல, அமெரிக்காவுல இருக்கு. ஐபிஎம் அப்போ மெயின்ஃபிரேம் உலகத்தோட ராஜா. ஆப்பிள் மாதிரி சின்னக் கம்பெனிகள் பர்சனல் கம்ப்யூட்டர் வித்து வளர்றதைப் பார்த்ததும் அவசரம் வந்துடுச்சு. ஃபுளோரிடாவுல போகா ரேட்டன்ங்கிற ஊர்ல ஒரு சின்ன டீம்கிட்ட, ஒரே வருஷத்துல செஞ்சு குடுங்கன்னு ஒப்படைச்சாங்க. எல்லாத்தையும் சொந்தமா செய்ய நேரம் ஏது? பிராசசர் இன்டெல் 8088, டாஸ் மைக்ரோசாஃப்ட். சந்தையில கிடைச்சதை வாங்கி மாட்டினாங்க. 1981 ஆகஸ்ட் 12 அன்னிக்கு ஐபிஎம் பிசி அறிமுகம். ஆரம்ப விலை 1,565 டாலர், மெமரி 16 கிலோபைட். வாட்ஸ்அப்ல வர்ற குட் மார்னிங் படம்கூட அதுக்குள்ள அடங்காது!

கூடவே ஒரு மேனுவலும் வெளியிட்டாங்க. அதுல சர்க்யூட் படம், பயாஸோட முழு கோட், எல்லாமே இருந்துச்சு. பயாஸ்னா, ஸ்விட்ச் போட்டதும் முதல்ல முழிச்சுக்கிற குட்டி புரோகிராம். கீபோர்டு, டிஸ்க், திரை எல்லாத்தையும் சாஃப்ட்வேரோட பேச வைக்கிறது அதுதான். யார் வேணா படிக்கலாம். காப்பி அடிச்சா கேஸ். காப்புரிமைதான் ஐபிஎம் போட்டிருந்த ஒரே பூட்டு.

1982-ல ஹூஸ்டன்ல மூணு பேர் சேர்ந்து காம்பேக் ஆரம்பிச்சாங்க. பயாஸ் வேலைக்கு ரெண்டு குழு. ஒரு குழு ஐபிஎம் கோடைப் படிச்சு, அது என்னென்ன செய்யுதுன்னு மட்டும் எழுதித் தரும். அந்தக் கோடைக் கண்ணாலகூடப் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வச்சுப் புதுசா எழுதும். ஒருத்தர் சாம்பாரைச் சாப்பிட்டுப் பார்த்து புளிப்பு இவ்வளவு, காரம் இவ்வளவுன்னு சொல்ல, இன்னொருத்தர் சொந்தக் கைப்பக்குவத்துல அதே ருசியைக் கொண்டுவர்ற மாதிரி. சட்டப்படி கை வைக்க முடியலை. 1983-ல காம்பேக் போர்ட்டபிள் விற்பனைக்கு வந்துச்சு. பேருதான் போர்ட்டபிள், எடை சுமார் 13 கிலோ, பாதி அரிசி மூட்டை! அடுத்த வருஷமே ஃபீனிக்ஸ்ங்கிற கம்பெனி இதே மாதிரி பயாஸை எல்லாருக்கும் விற்க ஆரம்பிச்சது. கதவு முழுசா திறந்தாச்சு.

ஐபிஎம் சும்மா இருக்கலை. 1987-ல பிஎஸ்/2 வரிசையைக் கொண்டுவந்து, உள்ளே மைக்ரோ சேனல்னு புது அமைப்பு வச்சு, அதைப் பயன்படுத்த லைசென்ஸ் கட்டணம் கேட்டுச்சு. அடுத்த வருஷம் காம்பேக் தலைமையில 9 கம்பெனிகள் சேர்ந்து, எங்களுக்கு நாங்களே ஒரு தரம் வச்சுக்கிறோம்னு அறிவிச்சாங்க. பழைய சிபியு பின்னாடி கீபோர்டு, மவுஸுக்கு ரெண்டு வட்ட ஓட்டை இருக்குமே, பிஎஸ்/2 போர்ட்? நம்ம கண்ணுல பட்ட மிச்சம் அதுதான். 2005-ல பிசி தொழிலையே ஐபிஎம் லெனோவோவுக்கு வித்துடுச்சு.

நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்ல பட்ஜெட்டைச் சொல்லி, பாகம் பாகமா பொறுக்கி ‘அசெம்பிள்ட்’ சிஸ்டம் கட்டிக்க முடியுறது அந்தத் திறந்த கதவாலதான்.

இப்போ அந்தக் கதவு மெதுவா மூடுது. 2020-ல வந்த ஆப்பிள் எம்1-ல ரேம், பிராசசர் பக்கத்துலயே ஒரே பேக்கேஜுக்குள்ள உட்கார்ந்திருக்கு. தூரம் குறையுது, வேகம் கூடுது, பேட்டரியும் நிக்குது. அந்தக் காரணத்தை நான் ஏத்துக்குறேன். ஆனா சாதாரண லேப்டாப்புலயும் ரேமை போர்டோட சால்டர் பண்ணிடுறாங்க. எஸ்எஸ்டியையும் பண்ணிட்டா, போர்டு செத்தா உங்க போட்டோவும் கூடவே போச்சு. இதை மட்டும் என்னால ஜீரணிக்க முடியலை.

அதனால அடுத்த தடவை லேப்டாப் வாங்கப் போனா, எத்தனை ஜிபின்னு கேட்கிறதுக்கு முன்னாடி, ரேமுக்கு ஸ்லாட் இருக்கா, எஸ்எஸ்டியைக் கழட்ட முடியுமான்னு கேளுங்க. கடைக்காரர் முழிச்சா, மாடல் நம்பரைக் குறிச்சுட்டு வெளியே வந்து தேடிப் பாருங்க. பில் போடுறது அப்புறம்.