பஞ்சாங்கத்தில் இல்லாத திருநாட்கள்



குளிர்காலத்தில் வீட்டிலிருந்தபடியே குழந்தைகளோடு கொண்டாடத்தக்க சிறு திருநாட்களைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகின்றேன். "கொழும்பிலே குளிர்காலமா?" என்று உங்களிற் சிலர் நகைப்பது என் காதில் விழுகின்றது. நகைப்பு நியாயமானதே. நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களில் சில விடியல்களிற் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. நமக்கோ, மார்கழி விடியலில் வெப்பம் 22 பாகைக்கு இறங்கிவிட்டாற் போதும். தாய்மார் பிள்ளைகளின் காதைத் துணியாற் சுற்றிவிடுகின்றார்கள். ஆயினும், விடியற் குளிர், மாலை மழை, பாடசாலை விடுமுறை ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் ஒரு காலம் நமக்கும் உண்டு. அதனையே நான் நம்முடைய குளிர்காலம் என்கின்றேன்.

நான் தெமட்டகொடையில் வாழ்பவன். அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபர். புகையிரத எஞ்சின்கள் இளைப்பாறும் கொட்டகை, ஓயாத பேஸ்லைன் வீதி, கால்வாய், அதன் கரையோரத் தோட்டங்கள், வானை நோக்கி எழுந்த தொடர்மாடிகள், இவையே எங்கள் சுற்றாடல். மழை பெய்யும் மாலைகளிற் பிள்ளைகள் ஓடியாட இடமில்லை. விடுமுறை தொடங்கி மூன்று நாட்கள் கழிந்ததும், "பொழுது போகவில்லை" என்ற முறையீடு வீட்டுக்கு வீடு எழும்.

சில ஆண்டுகளுக்கு முன், விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் வாரத்தில், ஆசிரியை ஒருவர் ஐந்தாந் தர மாணவர்களுக்கு "விடுமுறையில் நான் மகிழ்ந்த நாள்" என்னும் தலைப்பிலே கட்டுரை எழுதக் கொடுத்தார். ஒரு பிள்ளை தெகிவளை மிருகக்காட்சிச்சாலையைப் பற்றி எழுதியது. மற்றொன்று பாட்டியின் ஊரைப் பற்றி எழுதியது. ஒரு சிறுவனின் கொப்பியை மாத்திரம் ஆசிரியை என்னிடம் கொண்டுவந்தார். அதிலே நான்கு வரிகளே இருந்தன. "அப்பா சனிக்கிழமை காலிமுகத்திடலுக்குப் போகலாம் என்றார். போகவில்லை. அடுத்த சனிக்கிழமை போகலாம் என்றார். விடுமுறை முடிந்துவிட்டது." எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. இதற்கு எத்தனை புள்ளி வழங்குவது என்று ஆசிரியை கேட்டார். என்னால் உடனே விடை கூற முடியவில்லை.

பின்னொரு நாள் அச்சிறுவனின் தந்தையார் வேறொரு காரியமாக என்னிடம் வந்தார். இரவு வேலை செய்பவர். பேச்சினிடையே இதனைக் குறிப்பிட்டேன். அவர் தலை குனிந்தபடி சொன்னார்: "ஐயா, நான்கு பேர் பஸ்ஸில் போய்வர வேண்டும். அங்கே போனாற் பிள்ளைகள் இறால் வடை கேட்பார்கள், பட்டம் கேட்பார்கள். வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிச் சொல்லித் திரும்பி வருவதிலும் பார்க்கப் போகாமல் இருப்பது நல்லது என்று நினைத்தேன்."

அவர் பிள்ளைகளிடத்து அன்பில்லாதவர் அல்லர். கொண்டாட்டம் என்றாற் செலவு என்று எண்ணினார், அவ்வளவுதான். நம்மிற் பெரும்பாலோர் எண்ணுவதும் அதுவே. ஆனால் அந்தச் சிறுவனின் நான்கு வரிகளில் வடையும் இல்லை, பட்டமும் இல்லை. வராமற்போன இரண்டு சனிக்கிழமைகளே இருந்தன. பிள்ளைகளுக்கு வேண்டுவது, முன்கூட்டியே சொல்லப்பட்டு, எதிர்பார்க்கப்பட்டு, தவறாமல் வந்து சேர்கின்ற ஒரு நாள்.

அத்தகைய நாளை நாமே உண்டாக்கலாமா என்று கேட்பீர்கள். நம் நாட்டு வரலாற்றையே பாருங்கள். 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை நீக்கிப் போயா நாட்களையே வார விடுமுறையாக வைத்திருந்தார்கள். பின்னர் ஞாயிறு மீண்டது. ஒரு நாடு முழுவதும் தன் ஓய்வு நாளை மாற்றவும் மீட்கவும் கூடுமாயின், ஒரு குடும்பம் தன் சுவர்க் கலண்டரில் ஒரு நாளைச் சுற்றி வட்டமிடலாகாதா?

கடுங்குளிர் நாடுகளில் வாழ்வோர் இதனை நன்கு அறிந்திருக்கின்றார்கள். சுவீடன் நாட்டிலே டிசம்பர் 13 ஆந் திகதி, லூசியா என்னும் புனிதையின் நாளில், வெள்ளாடை அணிந்த பிள்ளைகள் விளக்கேந்திப் பாடிவருவார்கள். யப்பானியர் ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று பூசணிக்காய் சமைத்து உண்பார்கள். நமக்கும் கார்த்திகை விளக்கீடு உண்டு. யாழ்ப்பாணத்திலே வாழைக்குற்றியை வாசலில் நாட்டி அதன்மேல் விளக்கேற்றுவார்கள். தொடர்மாடியில் வாழைக்குற்றிக்கு எங்கே போவது? படிக்கட்டின் ஓரத்தில் ஒரு மண்விளக்குப் போதும். திரி திரிப்பது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

இனி, பஞ்சாங்கத்தில் இல்லாத நாட்களுக்கு வருவோம். எங்கள் வீட்டிலும், நானறிந்த சில வீடுகளிலும் கொண்டாடிப் பார்த்தவற்றையே சொல்லுகின்றேன்.

முதலாவது, டிசம்பர் 16. இது இந்த நாட்டு வானொலியின் பிறந்தநாள். 1925 ஆம் ஆண்டு அந்நாளிலேதான் கொழும்பிலிருந்து முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. அன்று மாலை தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் ஒதுக்கிவைத்து, பிள்ளைகளே ஒரு வானொலி நிலையம் நடத்தட்டும். ஒரு திரைச்சீலை, அதன் பின்னால் அறிவிப்பாளர். மூத்தவள் செய்தி வாசிக்கட்டும். இளையவன் காலநிலை சொல்லட்டும். பாட்டியார் ஒரு பழங்கதை சொல்லட்டும். உச்சரிப்புத் திருந்துவதற்கு இதனிலும் சிறந்த பாடத்தை நான் பாடசாலையிற் கண்டதில்லை.

இரண்டாவது, டிசம்பர் 18. ஆறுமுக நாவலர் 1822 ஆம் ஆண்டு நல்லூரிற் பிறந்த நாள். பிள்ளைகளுக்கென்று பாலபாடம் எழுதி அச்சிட்டுத் தந்த பெருமகனார் அவர். அன்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நூல் வெளியிடலாம். இரண்டு தாள்களை மடித்து நடுவே தைத்தால் எட்டுப் பக்கம். மேலட்டையில் ஆசிரியர் பெயர். உள்ளே கதையோ, படமோ, எதுவோ. அப்பா அதனை முழுவதும் வாசித்தாக வேண்டும் என்பதே நிபந்தனை.

மூன்றாவது, நிழல் நாள். டிசம்பர் 21 அல்லது 22 நமக்கு ஆண்டின் மிகக் குறுகிய பகல். கொழும்பிலே அது ஏறக்குறைய பதினொன்றே முக்கால் மணி நேரம். அன்று ஒரு மீற்றர் நீளமுள்ள கோலை மொட்டை மாடியிலோ முற்றத்திலோ நேராக நிறுத்துங்கள். பகல் 12 மணி 10 நிமிடம் அளவிலே நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 59 சென்ரிமீற்றர் நீண்டு கிடக்கும். ஆண்டு முழுவதும் நண்பகல் நிழல் வடக்கே இதனினும் மிகுதியாய் நீளாது. கரித்துண்டால் அடையாளமிட்டு வையுங்கள். தைப்பொங்கலன்று பகல் 12 மணி 20 நிமிடம் அளவில் அதே கோலை அதே இடத்தில் நிறுத்தினால், நிழல் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் சுருங்கியிருக்கும். சூரியன் வடக்கு நோக்கித் திரும்பிவிட்டான் என்று நாம் சொல்லும் செய்தியை, பிள்ளை தன் அடிமட்டத்தால் அளந்து அறிந்துகொள்ளும். அவ்வாறு அளந்த பிள்ளைக்குப் பொங்கற்பானை பொங்கும்போது உண்டாகும் மகிழ்ச்சியே வேறு. முகில் மறைத்துவிட்டால் மறுநாள் அளக்கலாம். அதனாற் பெரிய வேறுபாடு நேராது.

நான்காவது நாளுக்குத் திகதி கிடையாது. ஆறுமணிக் குருவியின் நாள் அது. பாரத நாட்டிலிருந்து கடல் கடந்து நம் தீவுக்குக் குளிர்கால விருந்தாளியாய் வரும் பறவை. குட்டை வாலும் பல நிற உடலும் உடையது. ஐப்பசி அளவில் வந்து சித்திரைக்குள் திரும்பிவிடும். விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அப்பெயர் பெற்றது. சருகுகளிடையே பூச்சி தேடித் தரையில் தத்தித் திரிவதால், மரமடர்ந்த சிறு கொல்லை இருந்தாற் போதும், கொழும்பு நகரத்திலும் தங்கும். அதன் குரலை வீட்டிலே யார் முதலிற் கேட்கின்றாரோ, அவர் கேட்ட நாளே அவ்வாண்டின் திருநாள். கேட்டவர் விரும்பிய சிற்றுண்டி அன்று மாலை. கொழுக்கட்டை என்றாற் கொழுக்கட்டை, கச்சான் என்றாற் கச்சான்.

ஐந்தாவது, இருள் நாள். 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தொடர்மாடியில் ஒரு வீட்டார், இருளை நொந்துகொண்டிராமல், ஒரு மெழுகுவர்த்தியின் முன் கைவிரல்களால் மானும் முயலும் காட்டிச் சுவரிலே நிழற்கூத்து நடத்தினார்கள். மின்சாரம் மீண்ட பிறகும் பிள்ளைகள் அதனை விடவில்லை. இப்போது மாதத்தில் ஓர் இரவு அவ்வீட்டார் தாமாகவே விளக்கை அணைக்கின்றார்கள்.

எல்லா நாட்களும் சிரித்து மகிழ்வதற்கென்றே அமைந்தவை அல்ல என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். நத்தாரின் மறுநாள் டிசம்பர் 26. 2004 இல் அந்நாள் போயா விடுமுறையாகவும் இருந்தது. கொழும்பிலிருந்து தெற்கே சென்ற புகையிரதத்தைப் பெரலிய என்னும் இடத்திற் கடல் அடித்துச் சென்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலும் கரையோர ஊர்கள் அழிந்தன. ஆண்டுதோறும் அந்நாளிற் காலை 9 மணி 25 நிமிடத்துக்கு நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம் காக்கின்றார்கள். எஞ்சின்களின் ஓசை கேட்டு வளரும் எங்கள் பகுதிப் பிள்ளைகளோடு அவ்விரண்டு நிமிடம் எழுந்து நில்லுங்கள். ஏன் நிற்கின்றோம் என்பதை அவர்கள் கேட்பார்கள். மறைக்காமற் சொல்லுங்கள்.

இன்னுமொன்று. எங்கள் ஒழுங்கையில் மூன்று மொழி பேசுவோரும் நான்கு சமயத்தோரும் வாழ்கின்றனர். சங்கமித்தை வெள்ளரசுக் கிளையைக் கொண்டுவந்ததை நினைவுகூரும் உந்துவப் போயா டிசம்பரில் வருகின்றது. துருத்துப் போயா சனவரியில் வருகின்றது. நடுவே நத்தாரும் பொங்கலும். நோன்பு மாதமோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னோக்கி நகர்ந்து வருவது. 2030 ஆம் ஆண்டிலே சனவரியிலும் டிசம்பரிலும் ஆக இரு முறை நோன்பு தொடங்கும் என்று கணக்கிடுகின்றார்கள். இந்நாட்களில் அயல்வீட்டுக்குப் பலகாரத் தட்டைக் கொண்டுசெல்லும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். "இன்று உங்களுக்கு என்ன நாள், மாமி?" என்று அது கேட்டுவரட்டும். தட்டு வெறுமையாய்த் திரும்பாது. பிள்ளையும் வெறுமையாய்த் திரும்பாது.

இவ்வளவும் சொன்ன எனக்கு, என் குறையையும் சொல்லவேண்டிய கடமை உண்டு. என் மகள் சிறுமியாயிருந்தபோது, அந்த வானொலி நாளில் அவள்தான் செய்தி வாசிப்பவள். ஓராண்டு, செய்தியைத் தன் கையாலே எழுதி ஆயத்தமாய்க் காத்திருந்தாள். நானோ ஒரு கூட்டத்தில் இருந்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு வந்தேன். தாள் மேசைமேற் கிடந்தது, பிள்ளை உறங்கிவிட்டாள். மறுநாள் வாசிக்கச் சொன்னேன். "அது நேற்றைய செய்தி, அப்பா" என்றாள். அந்தக் கூட்டத்தில் என்ன பேசினோம் என்பது இன்று எனக்கு நினைவில்லை. அவள் சொன்னது நினைவிருக்கின்றது.

ஆதலால், நேயர்களே, ஐந்து நாட்களையும் கொண்டாட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒன்றைத் தெரிந்தெடுங்கள். உங்கள் கைக்கும் வேலை நேரத்துக்கும் அடங்குவதாகப் பார்த்துத் தெரிந்தெடுங்கள். ஒரு வாரம் முன்னதாகப் பிள்ளைக்குச் சொல்லிக் கலண்டரில் வட்டமிடச் செய்யுங்கள். பின்னர் அந்த வட்டத்துக்குத் தப்பாமல் வீட்டில் இருங்கள். விடுமுறை நாட்களையும் பிரத்தியேக வகுப்புகளால் நிரப்பிவிடும் பெற்றோரிடமும் இதனையே சொல்லுவேன். புலமைப்பரிசில் பரீட்சையின் புள்ளிகள் வேண்டியவையே. ஆனால் ஒரு மாலைப் பொழுதை விட்டுக்கொடுப்பதால் அவை குறைந்துவிடமாட்டா.

அந்தத் தந்தையார் குருவியைத் தெரிந்தெடுத்தார். இரவு வேலை முடிந்து விடியலில் வீடு சேர்பவருக்கு அதுவே பொருத்தமாயிற்று. முதல் மூன்று நாட்கள் வீட்டு வாசலில் அப்பாவும் மகனும் குந்தியிருந்ததுதான் மிச்சம்; காகங்கள் மாத்திரம் கரைந்தன. நான்காம் நாள், தண்டவாளத்துக்கு அப்பாலிருந்த பலாமரத்தின் பக்கமிருந்து அக்குரல் கேட்டதாம். அப்பொழுது மணி ஆறு அல்ல, ஐந்தே முக்கால் என்று சிறுவன் என்னிடம் மிகக் கண்டிப்பாய்த் தெரிவித்தான்.

உங்கள் வீட்டுக் கலண்டரிலும் இம்முறை ஒரு வட்டம் விழட்டும்.