கண்ணுக்கெட்டாத ட்ரோனுக்கும் பொறுப்பாளி வேண்டும்



மியான்மரின் யாங்கோன் நகரில் இந்தப் பசுந்தாங் ஓடைக்கரையில் அரிசி ஆலைகள் வரிசையாக நின்ற காலத்தில், அங்கே உழைத்தவர்களில் நம் முன்னோரும் இருந்தார்கள். ஐராவதியின் நெல்லோடு நமக்குள்ள உறவு அவ்வளவு பழையது. அந்த உரிமையில் வயலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இன்று வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்துவிட்டது. இயக்குபவரின் கண்பார்வைக்குள்தான் அது பறக்க வேண்டும் என்பதே பல நாடுகளில் பொதுவிதி. அந்த எல்லையைத் தாண்டிப் பறக்க வழிசெய்யும் வரைவு விதிகளை அமெரிக்க அரசு 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. அந்த வரைவின்படி 400 அடி உயரத்துக்குள் பறக்கலாம். உழவுப் பணிக்கும் இடமுண்டு. இந்தியா 2021இல் ட்ரோன் விதிகளை எளிதாக்கியது. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு 2023இல் ஒப்புதல் தந்தது.

மருந்தடிக்கும் ட்ரோனை நான் வரவேற்கிறேன். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் கூலியாட்களும் 20 பேரளவில் நஞ்சேறி மாண்டார்கள். முதுகில் டேங்கைச் சுமந்து நஞ்சுக்குள் நடக்கும் மனிதனை அதிலிருந்து மீட்கும் கருவியை நாம் தடுக்கக் கூடாது.

ஆனால், கேரளத்தின் காசர்கோட்டை மறக்கலாமா? அங்கே முந்திரித் தோட்டங்களின் மேல் 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டர்கள் எண்டோசல்பான் என்னும் பூச்சிமருந்தைத் தெளித்தன. தோட்டத்துக்கு வேலி உண்டு. காற்றுக்கு ஏது வேலி? கிணற்றிலும் முற்றத்திலும் மருந்து இறங்கியது. பிள்ளைகள் ஊனத்தோடு பிறந்தார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் அந்த மருந்தைத் தடுத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுங்கள் என்று அது ஆணையிட 2017 ஆயிற்று!

மருந்துத் துளி எவ்வளவு நுண்ணியதோ, அவ்வளவு தூரம் காற்றோடு போகும். இயக்குபவர் பக்கத்தில் நின்றால், காற்று திரும்பியதைத் தானே உணர்ந்து நிறுத்துவார். பல மைல் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அதை யார் சொல்வது?

ஆகவே, இத்தகைய விதி எந்த நாட்டில் எழுதப்பட்டாலும் மூன்று நிபந்தனைகள் அதில் இருக்க வேண்டும். மருந்தின் பெயரும் தெளிக்கும் நேரமும் அக்கம்பக்கத்து வயல்காரருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். காற்று மிஞ்சினால் உடனே நிறுத்தச் சொல்ல, வயலோரத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆள் நிற்க வேண்டும். கேடு நேர்ந்தால் ஈடு கொடுக்கும் பொறுப்பு இயக்கும் நிறுவனத்துக்கே என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

தஞ்சையிலோ இங்கே பகோவிலோ உங்கள் உறவினர் வயலுக்கு ட்ரோன் வருமானால், இந்த மூன்றையும் முதலில் கேட்கச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் கிடைத்த பிறகு பறக்கட்டும்.